தர்மனுக்கு ஓர் இலை

தர்மன் வெள்ளிமலையை விட்டுக் கிளம்பியது ஆடிப்பெருக்கு அன்று. பஸ்ஸில் இடமில்லாமல், தக்காளி ஏற்றிய ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு மலையிறங்கினான். வளைகுடாவில் லாரி ஓட்டும் வேலை. "போன் கிடைக்கலன்னா என்னத் திட்டாத, மலையத் திட்டு" என்று பெண்டாட்டி மகேஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மறு மாசியில் அங்கே போர் மூண்டது. "வரிசையில நிக்கிறேன், கப்பல்ல ஏத்திக்கினு இருக்காங்க" என்றான். அத்தோடு போன் அறுந்தது. அன்று பொழுது சாயும் நேரம் அந்தப் பயணிகள் கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. எதிரியின் ஏவுகணை என்றது ஓர் அரசு. அவர்களே மிதக்கவிட்ட கண்ணிவெடி என்றது இன்னொன்று. மலைக்குக் கீழே சர்க்கார் ஆபீசில் கேட்டால், "யாரு அடிச்சதுன்னு முடிவாகட்டும்மா, அப்புறம் சொல்றோம்" என்றார்கள்.

மகேஸ்வரிக்கு அந்த வழக்கெல்லாம் பிடிபடவில்லை. அவன் கப்பலில் ஏறினானா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும்.

தை பிறந்து புதுச்சாமை பொங்கியபோது குழப்பம் வீட்டுக்குள்ளேயே வந்தது. அந்த வீட்டில் புதுச்சோற்றை முதலில் செத்தவர்களுக்குத்தான் படைப்பார்கள், ஆளுக்கு ஓர் இலை. உயிரோடு இருப்பவனுக்கு இலை போட்டால் ஆயுசு குறையும். செத்தவனுக்குப் போடாவிட்டால் வருஷம் முழுக்க அவன் பட்டினி.

தர்மனுக்கென்று மகேஸ்வரி எடுத்த இலையை மாமியார் பெரியம்மாள் பிடுங்கினாள். "எம்புள்ள செத்தான்னு எவன்டி சொன்னான்? கவர்மெண்டே சொல்லல!"

"இருக்காருன்னும் சொல்லலியே அத்தே. பசியோட நின்னுக்கினு இருந்தா?"

கடைசியில் இலையைப் போட்டார்கள், சோறு வைக்கவில்லை. கொழுந்தன் ராஜேஷ் எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணி, அண்ணன் பாதிதான் செத்துச்சா?" என்று சிரித்தான். சிரித்தவனே குனிந்து, காற்றில் பறக்காமல் இலையின் ஓரத்தில் ஒரு கல்லை வைத்தான்.

அடுத்த தையில் சோறு வைத்தார்கள், தண்ணீர் வைக்கவில்லை. அதற்கும் அடுத்த தையில் பெரியம்மாள் தானே எல்லாம் படைத்து, யாரும் கும்பிடுவதற்குள் உட்கார்ந்து தானே தின்றுவிட்டாள். மகேஸ்வரி காலையில் வைக்கும் குங்குமத்தை மதியம் துடைப்பாள். சாயங்காலம் பயந்துபோய் மறுபடி வைப்பாள்.

போர் ஓய்ந்து வெகுகாலம் கழித்து ராஜேஷின் போனுக்குப் போரிட்ட நாடுகளில் ஒன்றிலிருந்து ஒரு செய்தி வந்தது. களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த மகேஸ்வரி முறத்தோடு ஓடிவந்தாள். அவன் அதைத் தமிழாக்கி, நிறுத்தி நிறுத்தி வாசித்தான்:

"எதிரிக் கப்பல் என்று தவறாக எண்ணி அக்கப்பலை மூழ்கடித்தது எங்கள் கடற்படையே. எங்கள் அரசு முழுப் பொறுப்பேற்று வருந்துகிறது. அதில் யார் யார் ஏறியிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அதை உங்கள் அரசிடம் கேட்டுக்கொள்ளவும்."