காலி ஏரியில் ஓவர்டேக்

ஈஜிபுராவிலிருந்து பீன்யாவுக்கு, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, தினமும் டிராஃபிக் நெரிசலில் ஸ்கூட்டரில் போய் வருகிறவன் நான். வாடகைப் படகெல்லாம் ஒரு விஷயமா என்ற நினைப்போடுதான் மனைவியை அல்சூர் ஏரிக்குக் கூட்டிப் போனேன். அதுவரை இரண்டு பேரும் படகில் காலே வைத்ததில்லை.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்ட ஆள் பெடலையும் கைப்பிடியையும் காட்டி, "இதத் திருப்புனா திரும்பும். பிரேக் கிடையாது சார், பாத்து ஓட்டுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "இந்த ஊர் ரோட்டுல ஓட்டுறவன்கிட்டயா சொல்றீங்க?" என்றேன்.

ஏரியில் எங்களைத் தவிர ஒரே ஒரு படகுதான் இருந்தது. பத்து நிமிடம் போனதும் மனைவி மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"இவ்ளோ பெரிய ஏரி காலியாக் கெடக்கு. எதுக்குங்க அந்தப் படகு பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போறீங்க?"

உண்மைதான். முன்னால் போன படகுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. "கேப் விட்டா எவனாவது நடுவுல பூந்துடுவான்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"யாரு, அந்த வாத்தா?"

அதற்குள் முன்படகிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ படகை அவசரமாக இடது பக்கம் ஒதுக்கி, "ஹோகி சார், ஹோகி" என்று கன்னடத்தில் சொல்லி வழிவிட்டார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் கையைக் காட்டிவிட்டு, வலது பக்கமாகவே முந்திப் போனேன்.