மைக் டெஸ்ட் பாட்டு

சங்கரலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தி என் கை வழியாகத்தான் தென்காசிக்கு வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு அன்று காலை ஷிப்ட். திருநெல்வேலியிலிருந்து ஒரு டிரங்க் கால். எடுத்தால், எங்கள் மெல்லிசைக் குழுவின் டிரம்ஸ்காரர் முருகையாவின் குரல். ஆஸ்பத்திரியில் அண்ணாச்சிக்குத் துணையாக இருந்தவர் அவர்தான்.

"யாரு, கோமதியா?" என்றார். "அண்ணாச்சி போயிட்டாக. மதினி மாத்துத்துணி எடுக்கணும்னு நேத்துதான் வீட்டுக்கு வந்தாக. அவுகளுக்கு இன்னும் தெரியாது. அவுக வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடைக்கு லைன் குடு. நீ ஒண்ணும் சொல்லிராத, நான் சொல்லுதேன்."

லைன் கொடுத்தேன். மருந்துக்கடையில் மணி அடிப்பது எனக்குக் கேட்டது. கடைக்காரர் எடுத்தார், "இந்தா, கூப்பிடுதேன்" என்று போனார். அண்ணாச்சியின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் மதினி, ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே "அலோ" என்றார். நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். பிளக்கைச் செருகியதைத் தவிர அன்று அந்தக் குடும்பத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை. செய்ய என்ன இருந்தது? அதற்கு முந்தைய மாதங்களும் அப்படித்தான் போயின.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அண்ணாச்சியைத் தெரிந்திருக்கும். கோயில் கொடை விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் சினிமாப் பாட்டு பாடிய, வெள்ளை முழுக்கைச் சட்டைக்காரராகத் தெரிந்திருக்கும். அது பாதி அண்ணாச்சிதான். மீதிப் பாதி, அவரே கட்டி அவரே பாடிய ஒரு கேசட்டில் இருக்கிறது. அந்தக் கேசட்டிலும் ஒரு பாட்டு சேராமல் போயிற்று. அந்தப் பாட்டின் பல்லவி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சரணம் ஒருவரிடமும் இல்லை. அதை எங்கேயாவது போய்ச் சொல்லி அழவேண்டும் போலிருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணாச்சி இளவயதில் ஆரியங்காவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு மேனேஜர் விட்டுப்போன கிதார் அவர் கைக்கு வந்தது. வாசிக்கச் சொல்லித் தந்தவர் ஒரு மலையாளி. அந்தப் பழக்கத்தில் கடைசி வரை எதற்கும் சம்மதம் சொல்ல "ஆயிக்கோட்டே" என்பார். பிறகு தென்காசிக்கு வந்து ஒரு மர டிப்போவில் சேர்ந்தார். பழைய ஜமுக்காளத்தில் உறை தைத்து, கிதாரை முதுகில் மாட்டி, சைக்கிளில் போவார். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் அதைப் பெரிய வீணை என்றும் துப்பாக்கி என்றும் நினைத்தார்கள்.

எழுபதுகளில் ஒரு பெண் மேடையேறிப் பாடுவதென்றால் வீட்டில் லேசில் விடமாட்டார்கள். அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். "உங்க மகளைக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு. கொண்டாந்து விடுதது என் பொறுப்பு. பாட்டு நல்லா இல்லன்னா அது மட்டும் அவ பொறுப்பு." யாரிடமும் சிரித்துப் பேசாத என் அப்பா அன்று சிரித்துவிட்டார். அடுத்த வாரம் நான் சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டில் பாடினேன். பாட்டு அப்படியொன்றும் நன்றாக இல்லை. அண்ணாச்சி அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவருடைய சொந்தப் பாட்டுகளை நாங்கள் கேட்டது மைக் டெஸ்டில்தான். மற்ற குழுக்களில் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். அண்ணாச்சி கிதாரை எடுத்துக்கொண்டு தன் பாட்டொன்றைத் தொடங்குவார். மைக் செட் போடும் கடையநல்லூர் காதர் பாய் தெருக்கோடியில் கட்டிய கடைசிக் குழாய் ஸ்பீக்கர் வரைக்கும் நடந்துபோய், அங்கே காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சரியென்று கையைத் தூக்குவார். கை தூக்கியதும் பாட்டு நிற்கும். பல்லவியோடு நிற்கும், சில நாள் சரணத்துக்குள் ஓரடி வைத்து நிற்கும். அதன் பிறகு சினிமாப் பாட்டுதான். சனம் அதற்குத்தானே வருகிறது.

எனக்கு அது பொறுக்காது. "உங்க பாட்டுல ஒண்ணாவது முழுசாப் பாடக்கூடாதா அண்ணாச்சி?" என்று ஒருமுறை சண்டை பிடித்தேன்.

"விருந்துக்கு முந்தி உப்பு பாக்குதது வீட்டு ஆளுதானம்மா. அவன் பந்தியில உக்கார மாட்டான்" என்றார்.

பெரும்பாலும் மைக் டெஸ்டுக்கு அவர் எடுப்பது ஒரே பாட்டுதான்.

சாரல் விழட்டும், நனைஞ்சுக்கிடலாம்,
சங்கதி பேசி முடிச்சுக்கிடலாம்;
போற பஸ்ஸு போகட்டும்வே,
இன்னும் கொஞ்சம் இருந்துக்கிடலாம்.

அவ்வளவுதான். காதர் பாய் கை தூக்கிவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் காதர் பாய் மைக் செட்டை விற்றுவிட்டு வளைகுடாவுக்குப் போனார். முதல் லீவில் வரும்போது பெட்டி மாதிரி ஒரு டேப் ரிக்கார்டரும் மைக்குகளும் கொண்டுவந்தார். வந்த கையோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போய், "உங்க பாட்டு எல்லாத்தையும் நான் பாதியிலே நிறுத்தியிருக்கேன். இப்ப மீதியையும் பாடுங்க" என்றார். "ஆயிக்கோட்டே" என்றார் அண்ணாச்சி.

தென்காசியில் குழாய் ஸ்பீக்கர் அலறாத ஒரு நல்ல பகல் கிடைக்காது. அதனால் குற்றாலம் போனோம். பங்குனி மாதம். அருவி காய்ந்து, பாறையில் ஈரம் மட்டும் மினுங்கிற்று. லாட்ஜுகள் எல்லாம் காலி. தெரிந்த மேனேஜர் ஒருவர் மாடி ஹாலைத் திறந்துவிட்டார். மெத்தைகளை எடுத்து ஜன்னல்களில் சாத்தினோம். முருகையா டிரம்ஸை வீட்டில் விட்டுவிட்டு, வில்லுப்பாட்டுக்காரர்களிடம் ஒரு குடம் இரவல் வாங்கி வந்திருந்தார். கிதாரும் குடமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். முதல் பாட்டிலேயே அது போய்விட்டது. அடிவயிற்றில் யாரோ மெல்லத் தட்டுவது போலக் குடம் பேச, அதன்மேல் கிதார் நடந்துபோயிற்று.

அந்தக் கேசட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதில் இருப்பது வயதான குரல். கணீரென்ற குரல் எப்போதோ போய்விட்டிருந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் அண்ணாச்சி போகமாட்டார், கீழேயே நின்று மேலே பார்ப்பார். அவசரம் என்பதே இல்லை. "பக்கத்துல இருக்கவன்கிட்ட பேசுத மாதிரி பாடணும். கூப்பாடு போடுததுக்கு வேற ஆளு இருக்கான்" என்பார், அப்படியே பாடியிருக்கிறார். ஒரு பாட்டில், சண்டை போட்ட புருஷனும் பெண்டாட்டியும் செங்கோட்டை ரயிலில் போகிறார்கள். ரயில் குகைக்குள் நுழைகிறது, இருட்டில் ஒரு கை இன்னொரு கையைத் தேடுகிறது, வெளிச்சம் வந்ததும் இரண்டும் விலகிக்கொள்கின்றன. இன்னொன்று, செத்துப்போன தன் அண்ணனின் சைக்கிளைப் பற்றியது. பாட்டு முழுக்க அழுகை என்ற சொல்லே கிடையாது. நான் கேட்கும்போதெல்லாம் அழுகிறேன். மூன்றாவது பாட்டின் நடுவே ஹாலின் தகரக் கூரைமேல் ஒரு குரங்கு குதித்து ஓடும். அண்ணாச்சி அந்தச் சத்தத்துக்கு ஒரு கணம் இடம் விட்டு, அது போனதும் அடுத்த அடியை எடுப்பார்.

வளைகுடாவில் இருக்கும் கணவன் பேசி அனுப்பிய கேசட்டை, கடையநல்லூரில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதாக ஒரு பாட்டு. அவன் இடையில் இருமுவான். அந்த இருமலுக்காகவே அவள் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்பாள். அதைப் பாடி முடித்தபோது காதர் பாய் ரிக்கார்டரை நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். வெறும் நாடா ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

இரண்டாம் பக்கத்தில் கடைசியாக ஒரு பாட்டுக்குத்தான் இடம் இருந்தது. பாட்டு இரண்டு மிச்சம். கையில் வேறு நாடா இல்லை. "மைக் டெஸ்ட் பாட்டைப் பொறவு பாத்துக்கிடலாம். அது எங்க போயிரப் போகுது? நமக்கெல்லாம் தெரிஞ்சதுதானே" என்றார் அண்ணாச்சி. நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். ஊர் ஊராகக் கேட்டுக் கேட்டு, தெரியும் என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். சரணத்தை ஒருவரும் கேட்டதில்லை என்பது அந்த ஹாலில் இருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. "அடுத்த லீவுல புது டேப்பு கொண்டாரேன். மொத பாட்டு அதுதான்" என்றார் காதர் பாய்.

அடுத்த லீவுக்கு முன்பே அண்ணாச்சிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போயிற்று. நாம் பேசுவது புரிந்தது. திருப்பிச் சொல்ல வரவில்லை. "வா, வா" என்று ஒரே எழுத்துத்தான் வரும். இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தோம். கோடுதான் விழுந்தது. பாட்டுகளை அவர் ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. "எழுதி வச்சா மறந்துரும்லா" என்பார்.

மதினி தினமும் மத்தியானம் கேசட்டைப் போடுவார். கடைசிப் பாட்டு முடிந்து நாடா 'டக்'கென்று நின்றதும் அண்ணாச்சி இடது கையை வீசத் தொடங்குவார். மதினி தண்ணீர் கொடுப்பார், ஃபேனைத் திருப்புவார், காலைப் பிடித்துவிடுவார். கை நிற்காது. ஒருநாள் என்னைப் பார்த்ததும் மதினி உடைந்துபோனார்.

"என்ன கேக்காகன்னே தெரியலையே கோமதி. நானும் எல்லாத்தையும் எடுத்து எடுத்துக் குடுக்கேன்."

எனக்குத் தெரிந்துவிட்டது. "மைக் டெஸ்ட் பாட்டா அண்ணாச்சி?" என்றேன். கை நின்றது. கண்ணில் நீர் வழிந்தது.

"அதை நான் கேட்டதே இல்லையே. வீட்டுக்குள்ள வந்தா வாயைத் திறந்து பாடமாட்டாகளே" என்றார் மதினி. சைக்கிளில் போகும்போதே பாட்டுக் கட்டுகிற மனிதர் அவர். அந்தச் சரணம் மர டிப்போவுக்குப் போகும் ரோட்டுக்குத்தான் தெரியும்.

காதர் பாய் சொன்னபடி புது நாடாவோடு வந்தார். கட்டிலுக்கு அருகே மைக்கை நிறுத்திவிட்டு, "சரணத்துல என்ன வருது அண்ணாச்சி? மழையா? மலையா? யாரையும் பத்தியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் ஆமென்று தலையாட்டினார். பிறகு எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையை அசைத்தார். ஆமாவும் இல்லையும் அவருக்குள் கலந்துபோயிருந்தன. காதர் பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். "மைக்கு இருக்கு, டேப்பு இருக்கு, பாடுத ஆளும் முன்னாலதான் இருக்காக" என்று சொல்லிக்கொண்டே போனார்.

இரங்கல் கூட்டத்தில் ஒரு கவிஞர் என்னிடம் வந்து, "சரணம் இல்லன்னா என்ன? மெட்டைச் சொல்லுங்க, நான் எழுதித் தாரேன்" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டேன்.

அண்ணாச்சியைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குச் சில நாட்கள் முன்பு நடந்ததை இதுவரை மதினியிடம்கூட நான் சொல்லவில்லை. மத்தியானம். நாடா நின்றது, கை அசையத் தொடங்கியது. நான் பல்லவியைப் பாடினேன். கட்டில் சட்டத்தில் இடது கை விரல்களால் அண்ணாச்சி தாளம் போட்டார். பல்லவி முடிந்தது. நான் நிறுத்தினேன். விரல்கள் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. தாளம் ஓரிடத்தில் மெல்லப் போயிற்று. ஓரிடத்தில் நின்று, கொஞ்சம் பொறுத்து, மறுபடி நடந்தது. பிறகு கண்ணைத் திறந்து, மேடையில் செய்வதுபோல, எடு என்று எனக்குப் புருவத்தைத் தூக்கினார். நான் பல்லவியை எடுத்தேன். சரியாகப் போய் உட்கார்ந்தது.

கேசட் பலரிடமும் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். கிதார் மதினியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்தச் சரணத்தின் நீளம். எங்கே மெல்லப் போகும், எங்கே நிற்கும் என்று மேஜையில் தட்டிக் காட்டுவேன். சொல் தெரியாது, மெட்டுத் தெரியாது. அன்று அண்ணாச்சி அதை முழுசாகப் பாடி முடித்தார். நான் கட்டிலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.