வேர் கீழே உள்ளது

இடுப்புக்குக் கீழேயும் சுவர் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர் திருவண்ணாமலையில் இருக்கிறார். பெயர் ஜியாவுல்லா. போர்டு எழுதுகிறவர். செங்கம் ரோட்டு விடுதிகளில் ‘செருப்பை இங்கே விடவும்’ என்று நாலு பாஷையில் எழுதியிருப்பதெல்லாம் அவர் கைதான். அதில் இரண்டு பாஷை அவருக்கே தெரியாது.

இடுப்புக்குக் கீழே பிரஷ்ஷை வைப்பதில்லை என்ற கொள்கைக்குக் காரணம் ஒரு மாடு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பல் டாக்டருக்காகச் சுவர் நிறையச் சிரிக்கிற வாய் ஒன்றை வரைந்திருந்தார். அந்த மாடு தினமும் வந்து அதில் முதுகைத் தேய்த்தது. கீழ்வரிசைப் பல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மிச்சத்தைப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பல் டாக்டர் பொக்கை வாயோடு விளம்பரமானார்.

“கீழ்ச்சுவரு நாய்க்கும் மாட்டுக்கும் பட்டா போட்டுக் குடுத்தது. மேல இருக்கிறதுதான் நம்மளுது” என்பார் ஜியாவுல்லா.

இப்படிப்பட்டவரைத்தான் கீர்த்தனா டீச்சர் தொடக்கப்பள்ளி வராந்தாச் சுவரில் தாவரப் படம் வரையக் கூப்பிட்டார். நாலாம் வகுப்பில் படிக்கும் ஜியாவுல்லாவின் மகள் நூரைனுக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் சினேகா என்று ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா பள்ளிக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து, “காத்து வருதா? எங்கப்பா காத்து” என்று தினம் கேட்டே நூரைனை வேகவைத்துக்கொண்டிருந்தாள். இப்போது நூரைன் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: “எங்க அத்தா வரையிற செடிய இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற ஆபீசரே பாக்கப்போறாரு.”

சனிக்கிழமை முழுக்க ஜியாவுல்லா வரைந்தார். ஒரு பக்கம் மரம், செடி, கொடி என்று வகைகள். மறுபக்கம் பெரிய கத்தரிச் செடி. சாயங்காலம் டீச்சர் வந்து முதலில் வாழையில் கை வைத்தார்.

“பாய், வாழைய மரத்துல சேத்துட்டீங்களே. அது மரமே இல்ல. உள்ள கட்டையே கிடையாது. மட்டைங்கதான் ஒண்ணு மேல ஒண்ணு சுத்தியிருக்கு.”

“அப்ப கல்யாண வூட்டு வாசல்ல மட்டையத்தான் கட்டி நிக்க வைக்கிறாங்களா?”

“ஆமா.”

ஜியாவுல்லா தன் கல்யாண போட்டோவை நினைத்துப் பார்த்தார். மனசுக்குச் சங்கடமாக இருந்தது. வாழையைச் செடிகள் பக்கம் மாற்றி வரைந்தார்.

“சரி, கத்தரிச் செடில காய் இருக்கு, பூ இருக்கு, இலை, தண்டு எல்லாம் இருக்கு. வேரு எங்க பாய்?”

செடி சரியாக ஜியாவுல்லாவின் இடுப்பு உயரத்தில் முளைத்திருந்தது. அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்பு. தண்டின் ஓரத்தில் கழிப்பறைக்கு வழி காட்டுவதுபோல ஓர் அம்புக்குறி. பக்கத்தில் அழகான எழுத்தில்: ‘வேர் கீழே உள்ளது.’

“வேரு மண்ணுக்குள்ளதான டீச்சர் இருக்கும்? வெளிய தெரிஞ்சா செடி சாயப்போவுதுன்னு அர்த்தம்.”

“செவ்வாய்க்கிழமை ஆபீசர் வர்றாரு பாய்” என்று நினைவூட்டிவிட்டு டீச்சர் கிளம்பினார்.

திங்கட்கிழமை சினேகா விடவில்லை. “ஏய் நூரைன், உங்க அத்தா செடிக்கு வேரே இல்லடி. அது செத்த செடி. செத்த செடியத்தான் ஆபீசரு வந்து பாப்பாரா? மாலை வாங்கிட்டு வரச் சொல்லு!”

சாயங்காலம் நூரைன் அத்தாவிடம் பேசவில்லை. ஜியாவுல்லா பிஸ்கட் நீட்டினார். வாங்கிக்கொண்டாள், ஆனால் பேசவில்லை. அம்மா பிர்தௌஸிடம் மட்டும், “அந்தப் பெயிண்டர நாளைக்கு ஸ்கூல் பக்கம் வர வேணாம்னு சொல்லும்மா” என்றாள்.

அத்தா பெயிண்டர் ஆகிவிட்டார். அதற்கு மேல் தாங்க முடியுமா?

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பள்ளி வராந்தாவில் குப்புறப் படுத்துக்கிடந்தார் ஜியாவுல்லா. ஆபீசர் மத்தியானம் வருகிறார். இடுப்புக்குக் கீழே முதல் கோட்டை இழுத்தார். ஆணிவேர் நேராக இறங்கியது. பிறகு பக்கவேர்கள். இத்தனை வருஷம் தொடாத சுவர் இவ்வளவு நீளமா என்று அவருக்கே வியப்பு. ஒரு வேர் மூன்றாம் வகுப்பு வாசலைத் தாண்டி, சன்னலுக்கு அடியில் வளைந்து, குடிதண்ணீர்க் குழாய்வரை போய், குழாயின் வாயருகே நின்றது. முடித்ததும் மறக்காமல் ‘பெயிண்ட் ஈரம், சாயாதீர்’ என்று எழுதினார். எப்போதும் எழுதுகிற உயரத்தில், தன் கண்ணுக்கு நேராக.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் உச்சந்தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளி அது இருந்தது. சத்துணவு வாங்கிக்கொண்டு எல்லோரும் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆபீசர் வந்தபோது ஜியாவுல்லா கேட்டோரம் நின்று எட்டிப் பார்த்தார். வேர் போன இடத்தில் பழுப்புத் தீற்றல்தான் மிச்சம். பல் டாக்டரின் வாய்தான் ஞாபகம் வந்தது.

ஆபீசர் அம்புக்குறியைப் படித்தார். குனிந்து கீழே பார்த்தார். “வேர் கீழே உள்ளதுன்னு போட்டிருக்கு. எங்கம்மா வேரு?”

கீர்த்தனா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நூரைன் எழுந்தாள்.

“சினேகா முதுகுல இருக்கு சார்.”

“என்னது?”

“திரும்புடி” என்றாள் நூரைன். சினேகா திரும்பினாள். வெள்ளைச் சட்டையில் நட்டநடுவே ஆணிவேர் அச்சுப்போல இறங்கியிருந்தது. “அபிநயா முதுகுல பக்கவேர் சார். கவிநிலாகிட்டயும் கொஞ்சம் இருக்கு. எல்லாரும் திரும்புங்க!”

மொத்த வகுப்பும் திரும்பி உட்கார்ந்தது. வரிசையாக முதுகுகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிற வேர். ஆபீசர் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

“செடிக்கு வேர் எதுக்கும்மா?”

“தண்ணி குடிக்க சார். அதான் எங்க அத்தா குழா வரைக்கும் இழுத்துக்கினு போனாரு.”

“ஆனா ஆணிவேரு என்கிட்டதான் சார் இருக்குது” என்றாள் சினேகா, விட்டுக்கொடுக்காமல்.

அன்று சாயங்காலம் மண்ணெண்ணெயும் துணியுமாகச் சட்டைக்குக் காத்திருந்த பிர்தௌஸிடம் நூரைன், தன் முதுகு வேரைக் கழற்றித் தரமாட்டேன் என்று அழுதாள். ஜியாவுல்லா அங்கே இல்லை. பள்ளியில் மறுபடி குப்புறப் படுத்து வேர் வரைந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை ‘பெயிண்ட் ஈரம்’ என்பதைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எழுதினார்.

முதலில் வந்து முகர்ந்து படித்தது ஒரு நாய்தான். படித்துவிட்டு, சாயாமல் போயிற்று.