வேற்றூர்க் காப்பு

என் மனைவி எம்.ஏ. இங்கிலீஷ். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரகடத்தில் லாரிக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறவன். இந்த ஏற்றத்தாழ்வு பெண் பார்க்கப் போன அன்றே எனக்குத் தெரியும். பெருமாள் சேர்த்து வைத்தார், நான் யார் கேள்வி கேட்க என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் அவளுக்குத் தாய்லாந்தில் ஒரு வேலை வந்தது. வடகிழக்கே ஒரு சின்ன ஊர். அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியை பிரசவத்துக்குப் போயிருந்ததால் ஒரே ஒரு பருவத்துக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் கேட்டார்கள். அங்கே இருந்த தோழி கூப்பிட்டாள். நான்தான் போ என்றேன். மகளை நானும் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தங்கையும் பார்த்துக்கொண்டோம்.

பொறாமை முதல் வாரமே வந்துவிட்டது. சாயங்காலம் போனில் வந்தால் "என் பிள்ளைங்க, என் பிள்ளைங்க" என்பாள். எங்களுக்கு இருப்பதே ஒன்று, அது என் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அங்கே ஒரு பெண் தினமும் மதியம் இவளுக்குத் தலை பின்னிவிடுகிறாளாம். இன்னொருத்தன் மாங்காய் நறுக்கிச் சர்க்கரையும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தருகிறானாம். சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். விளக்கேற்றி நாமம் சொல்லும்போதுகூட அந்தச் சிரிப்புதான் எனக்கும் சுவாமிக்கும் நடுவில் வந்து நின்றது.

பருவம் முடிந்து, அந்த ஊர்க்காரர்கள் அவளை வழியனுப்பும் நாள் வந்தது. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வீடியோ கால் வந்தது. அந்தப் பக்கம் ஒரு மாணவி போனைப் பிடித்திருந்தாள். பெரிய கூடம். வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டிப் பூ செருகிய ஒரு தட்டு. அதன் எதிரே என் மனைவி காலை மடித்து உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது. ஊர்ப் பெரியவர்களும் பிள்ளைகளும் முழங்காலிட்டு வந்து, ஏதோ முணுமுணுத்து, அவள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். ஒரு கை நிறைந்ததும் மறு கை.

எங்கள் ஊரில் ஆடி மாதம் அம்மனுக்குக் காப்புக் கட்டுவோம். கட்டினவன் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்கள் கம்பெனி நிற்பது ஊரின் பழைய மேய்க்கால் நிலம் என்பதால் அது எல்லைக்குள் சேர்த்தி, நைட் ஷிப்ட் போகலாம் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய் வெளியில் தங்கினால் தெய்வக் குற்றம். நூலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏம்மா, கைய எடு! கட்ட வுடாத! கட்டிட்டா எப்பிடி வருவ?" என்று கத்திவிட்டேன்.

கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த மாணவி மிரண்டு போனை அணைத்துவிட்டாள்.

என் லைனில் வேலை செய்யும் திருநெல்வேலித் தம்பி விடுவானா? "அண்ணே, மைனிக்குக் காப்புக் கட்டியாச்சுல்லா! இனி கோயில் கொடை முடிஞ்சாத்தான் விடுவாவ. அங்க கொடை எந்த மாசமோ!"

"வாய மூடுப்பா."

"நீங்களும் அங்க போயி வாத்தியாராயிருங்கண்ணே. ஏ ஃபார் ஆக்ஸில், பி ஃபார் போல்ட்."

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "இன்னாங்க அப்பிடி கத்துனீங்க? பாவம், பொண்ணு பயந்துட்டா."

"அத்த மொதல்ல கழட்டிட்டு கெளம்பு."

"மூணு நாளு கழட்டக் கூடாதாம்."

"அப்போ வரமாட்டியா?"

"ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க" என்றாள்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த 'ஒண்ணும் சொல்லல' என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். பட்டர் நரசிம்மரின் நாமத்தை விலக்கி, ஆரத்தி வெளிச்சத்தில் நெற்றிக்கண்ணைக் காட்டினார். அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய்யாக வேண்ட முடியாது. அவளை அனுப்பிவை என்று கேட்கத்தான் போனேன். அந்தப் பிள்ளைகள் அவளை மறந்து போகட்டும் என்றுதான் மனசில் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, நீயே பார்த்துக்கோ சாமி என்று திரும்பிவிட்டேன்.

குறித்த நாளில் விமானத்தில் வந்து இறங்கினாள். வெளியே வந்தபோது முழங்கை வரைக்கும் நூல், கொஞ்சம் அழுக்கேறியிருந்தது. மகள் ஓடிப்போய் அதைத்தான் முதலில் பிடித்து இழுத்தாள். "இன்னாம்மா இது?"

"ஊர வுட்டுப் போறப்போ நம்ம உசுருல கொஞ்சம் அங்கியே தங்கிடுமாம். அது தங்காம, முழுசா அவங்கவங்க வூடு போய்ச் சேரட்டும்னு கட்டறது."

எங்கள் காப்பு ஆளை நிறுத்தி வைக்கும். அவர்களுடையது அனுப்பி வைக்கிறதாம். கேட்டதும் நிம்மதி வந்திருக்க வேண்டும், பொறாமைதான் இன்னும் ஏறியது. இவள் இங்கிருந்து கிளம்பிய அன்றைக்கு நான் என்ன செய்தேன்? பாஸ்போர்ட் இருக்குதா, பாஸ்போர்ட் இருக்குதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு டிராலியைத் தள்ளினேன். கோயிலிலிருந்து கொண்டுபோன துளசியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் என் மனைவியை என்னைவிட நன்றாக வழியனுப்பியிருக்கிறார்கள்.

வாடகைக் காரில் வண்டலூர் தாண்டும்வரை அடக்கிக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை. "ஒரு வருஷம் கேட்டாங்களே, இன்னா ஆச்சு?"

"முடியாதுன்னு சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேர வுட்டுட்டு இன்னொரு வருஷம் ஆவாது" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெருமாளே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அத்துடன் விட்டேனா?

"அந்தப் பசங்களுக்கு இவ்ளோ அழுவுற. இங்கேருந்து போறப்போ ஒரு சொட்டு வுடல நீ."

"நீங்க பார்க்கல. பிளேன் ஏறினதும் அழுதேன்."

"யாரு சாட்சி?"

"பக்கத்து சீட்டு ஆளு. பாவம், அவருதான் கைக்குட்ட குடுத்தாரு."

"எந்த ஊர் ஆளு?" என்றேன்.