நான் கொடுத்த ஒரு பாட்டில்

அன்று காலை மந்தைவெளி வீட்டுக் குளியலறையில் என் கணவர் வாந்தி எடுத்தார். எட்டிப் பார்த்தேன். காப்பிப் பொடியைக் கரைத்துக் கொட்டியது போலக் கிடந்தது. "ப்ளூட்" என்றார். டச்சு மொழியில் ரத்தம் என்று அர்த்தம். பழவேற்காட்டு டச்சுக்காரர்களின் பழைய தாள்களைப் படித்துச் சொல்வது அவர் உத்தியோகம். அந்த நிலையிலும் தமிழில் சொல்ல மனம் வரவில்லை. எனக்கு அழுகையோடு எரிச்சலும் வந்தது.

பெப்டிக் அல்சர் (இரைப்பைப் புண்) கசிகிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைப்பது கஷ்டம், உறவினர்கள் யாராவது கொடுங்கள் என்றார். அதுவரை ஃபிளாஸ்கும் கையுமாக வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி நினைவுக்கு வந்தது. இன்னொருவருக்கு மறுநாள் திவசம். இவருடைய அண்ணா தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

படிக்கிற உங்களுக்கும் இது நடக்கலாம். கெஞ்சி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இவரோ வெளுத்துக் கிடந்தபடி பாடம் எடுத்தார். டச்சிலும் ஜெர்மனிலும் ப்ளூட், ஸ்வீடிஷில் ஏறக்குறைய அதுவே, இங்கிலீஷில் பிளட். லத்தீனிலும் கிரேக்கத்திலும் வேறு சொற்கள். ரத்தத்துக்கான பழைய சொல்லை வாயால் சொல்லப் பயந்து இந்த டச்சு, ஜெர்மன்காரர்கள் மாற்றிக்கொண்டிருக்கலாமாம். எல்லாம் ஒரே குடும்பம் என்றார்.

"அந்தக் குடும்பத்துல யாராவது ஒரு பாட்டில் குடுப்பாளான்னு கேளுங்கோ" என்றேன்.

நானே கொடுக்கிறேன் என்றேன். சோதித்தார்கள், பொருந்தியது. அப்போதுதான் இவர் அண்ணாவின் மனைவி, என் மன்னி, கையைப் பிடித்தாள்.

"உன் ரத்தம் அவன் உடம்புல ஓடினா ரெண்டு பேரும் ஒரே ரத்தம் ஆயிடுவேளேடி. அப்புறம் அண்ணா தங்கை முறைன்னா?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"தங்கையாவே இருந்துட்டுப் போறேன் மன்னி. அவர் இருந்தா போறும்."

பிழைத்தார். வீட்டில் குழைந்த சாதம், பால், நாள் முழுக்கச் சிடுசிடுப்பு. கேட்டால், உன் ரத்தம்தானே, உன் கோபமும் சேர்ந்து ஏறிவிட்டது என்பார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது.

வெகுநாள் கழித்து டாக்டரிடம் கேட்டேன். ஏற்றிய ரத்தம் சில மாதம்தான் தங்கும், பிறகு உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் என்றார். கணக்குப் பார்த்தேன். அந்த மாதங்கள் எப்போதோ முடிந்திருந்தன.

வீடு திரும்பியபோது இவர் தன் சொந்த ரத்தத்தோடு ஈஸிசேரில் உட்கார்ந்து, மோரில் உப்பு இல்லை என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் வேறு ஆள், நான் வேறு ஆள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.