கத்துவதற்கு ஒரு மொழி

எங்கள் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் ஒரு கிரேக்கப் பெண் இருப்பார். நரையோடிய குட்டை முடி. தொலைபேசியை எடுக்குமுன் ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு, தாலாட்டுகிற குரலில் பேசுவார்.

சனிக்கிழமைகளில் அவர் அலறிப் பாடும் ஹெவி மெட்டல் இசைக்குழுவொன்றில் பாடுகிறார் என்று அறிந்து, வீட்டில் அவர் பாட்டொன்றைக் கைபேசியில் போட்டுக் கேட்டேன். அடுத்த அறையிலிருந்து மனைவி ஓடிவந்தார்.

“ஆருக்கு என்ன நடந்தது?”

பாட்டு முழுவதும் கிரேக்கம். ஆங்கிலத்தில் பாடினால் இன்னும் பலர் கேட்பார்களே என்று அடுத்தமுறை அவரிடமே சொன்னேன்.

“நாள் முழுக்க இங்கிலிஷில மன்னிப்புக் கேக்கிறன். அதில எனக்குக் கத்த வராது,” என்றார், அதே தாலாட்டுக் குரலில்.

திரும்பும் வழியில் ஒருவன் என் காருக்குக் குறுக்கே தன் காரை வெட்டினான். கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தமிழில் நன்றாக ஏசினேன். சனிக்கிழமைகளில் அவர் இதைத்தான் கண்ணாடி ஏற்றாமல் செய்கிறார்.