வட்டியைக் கூட்டிக் கேட்ட பூவிழி

"பூவிழிக்குப் புத்தி கெட்டுப்போச்சு. பேங்க்ல போயி வட்டியக் கூட்டிப் போடுங்கன்னு கேட்டுச்சாம்!" என்றார் மயிலாடுதுறை டீக்கடையில் வைரக்கண்ணு. பொய் என்று ஒரு டீ, ஒரு வடை பந்தயம் கட்டிவிட்டு விசாரிக்கப் போனேன்.

பூவிழி தனியார் மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிப்பவர். கணவர் நெடுமாறன் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்குச் செய்கிறார். விளைவதில் பாதி நிலக்காரருக்கு. இரண்டு வருடமாகத் தாளடி நெல், அதாவது இரண்டாம் போகம், மழையில் அழிந்துபோனதால், பன்னிரண்டு லட்சம் வீட்டுக் கடனைப் பூவிழியின் இருபத்தெட்டாயிரம் சம்பளம்தான் சுமக்க வேண்டும்.

"ஆமாங்க, கூட வட்டிதான் கேட்டேன்" என்றார் கூசாமல்.

மாறும் வட்டி இப்போதைக்கு எட்டரை சதவீதம், மாறாத வட்டி பத்து. கடன் அதிகாரி முதலாவதையே சிபாரிசு செய்தாராம்.

"ஏறும், எறங்கும். உங்க வாரம் மாதிரிதாம்மா."

"வாரம்னா எங்க வயல்ல வெளைச்சல் கொறஞ்சா குடுக்கறதும் கொறையும் சார். உங்க வட்டி எங்க வயலப் பாத்தா ஏறி எறங்குது?"

அதிகாரி தண்ணீர் குடித்துவிட்டு, மாறாத வட்டியில் தவணை மாதம் ஆயிரத்துச் சொச்சம் கூடும் என்று கணக்குக் காட்டினார். "தெரிஞ்ச ஆயிரத்த நான் கட்டிருவேன்" என்ற பூவிழி, கடைசித் தவணை வரை மாறாது என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு வட்டி எறங்கினா ஊர் சிரிக்குமே?" என்றேன்.

"சிரிக்கட்டுங்க. நிம்மதிக்கு அந்த ஆயிரம் வாடகை."

ஆக, வதந்தி உண்மை. புத்தி கெட்டது மட்டும் பொய். பந்தயத்தில் தோற்றது யார் என்று முடிவாகாததால், அந்த டீயும் வடையும் இன்னும் பாக்கி.